பாதிரியார் எமில் கபான் நோயில் இறந்தாரா, கொல்லப்பட்டாரா?

கேள்வி சின்னதுதான். கொரியப் போரில், சீனர்களின் கைதி முகாமில், 35 வயதில் இறந்துபோன அமெரிக்க ராணுவப் பாதிரியார் எமில் கபான் நோயில் இறந்தாரா, கொல்லப்பட்டாரா? கூடவே, துப்பாக்கி தூக்காத ஆளுக்குச் சண்டை நடக்கிற இடத்தில் என்ன வேலை, தப்பித்துப் போயிருக்கலாமே என்றும் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருக்கிறது. எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. அவர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்று தெரிந்துகொண்டால், எதனால் இறந்தார் என்பதும் பாதி விளங்கிவிடும்.

நான் பாதிரியாரும் இல்லை, சரித்திரப் பேராசிரியரும் இல்லை, கிறிஸ்தவனும் இல்லை. ராணுவ மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்டாக 24 வருடம் இருந்து ரிடையரானவன். லக்னோவில் பயிற்சி, அப்புறம் ஃபீல்டு ஆம்புலன்ஸ், லே பக்கம் இரண்டு குளிர்காலம். பணியின் கடைசி வருடங்களில் இளம் பையன்களுக்குச் சுகாதார வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். மருந்தே இல்லாத இடத்தில் ஆட்களை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பது ஒரு பாடம். அதற்காகக் கொரியக் கைதி முகாம்களில் இருந்து மீண்ட டாக்டர்கள் எழுதியதையும் சொன்னதையும் தேடிப் படித்தேன். படித்த இடமெல்லாம் ஒரு பாதிரியாரின் பெயர் குறுக்கே வந்தது. அன்றிலிருந்து இந்த மனிதரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் வாசித்துவருகிறேன். ஆகவே கீழே வருவதை ஒரு கம்பவுண்டரின் பார்வை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ராணுவப் பாதிரியார் என்றால் யார் என்று சொல்லிவிடுகிறேன். நம் ராணுவத்திலும் பண்டிட், கிரந்தி, மௌல்வி, பாத்ரி என்று சமய ஆசிரியர்கள் உண்டு. ஜே.சி.ஓ. தரத்தில், அதாவது சிப்பாய்களுக்கு மேலே, அதிகாரிகளுக்குக் கீழே இருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தில் அவர்கள் அதிகாரிகள். கபான் கேப்டன். (நீங்கள் மேஜர் என்று எழுதியிருந்தீர்கள், அது தவறு.) அமெரிக்கப் பாதிரியார்கள் ஆயுதம் எடுப்பதில்லை. சண்டைக்கு முன்னால் பூசை, சண்டைக்குப் பின்னால் அடக்கம், இரண்டுக்கும் நடுவில் அவருக்கு வேலை இல்லை என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்கள் யூனிட் பண்டிட்ஜி காலை ஆரத்தி முடிந்ததும் நேராக எங்கள் வார்டுக்கு வந்துவிடுவார். பனிக்கடியில் விரல் கறுத்துப்போன ஒரு பையனுக்கு ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். பண்டிட்ஜி மந்திரம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு கையிலும் கட்டு இருந்ததால் அவனால் முதுகைச் சொறிய முடியவில்லை. இவர் சொறிந்துவிட்டுக்கொண்டே, வீட்டில் எருமை கன்று போட்டதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கபானைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வரும்.

கபான் பிறந்தது 1916 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் பில்சன் என்ற சிற்றூர். பொஹீமியாவிலிருந்து வந்து குடியேறிய செக் குடும்பங்களின் ஊர் அது. வீடு பண்ணை வீடு. மாடு கறப்பது, வேலி கட்டுவது, உடைந்த கருவியை இருப்பதை வைத்துச் சரிசெய்வது எல்லாம் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. 1940 ஜூனில் குருப்பட்டம் பெற்றார். சொந்த ஊர்ப் பங்கிலேயே உதவிப் பங்குத்தந்தை. பக்கத்தில் இருந்த ஹெரிங்டன் விமானத் தளத்துக்குப் போய்ப் பூசை வைத்துக்கொண்டிருந்தவர், 1944இல் முழுநேர ராணுவப் பாதிரியாராகச் சேர்ந்துவிட்டார். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1945 ஏப்ரலில் இருந்து 1946 மே வரை அவர் வேலை பார்த்தது இந்தியா–பர்மா முனையில். போர் முடிந்ததும் வெளியே வந்தார். போர்வீரர்களுக்கான அரசு உதவியில் வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் கல்வியியலில் முதுகலை படித்து, 1948இல் கான்சஸில் ஒரு கிராமப் பங்குக்குப் போனார். அங்கேயே இருந்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அதே வருடம் ஆயரிடம் (பிஷப்பிடம்) மறுபடி அனுமதி கேட்டு ராணுவத்துக்கே திரும்பினார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, கட்டாயமும் இல்லை. 'அங்கே என்ன வேலை' என்ற உங்கள் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: கேட்டு வாங்கிக்கொண்ட வேலை.

1950 ஜூலையில் அவருடைய எட்டாவது கேவல்ரி ரெஜிமென்ட் கொரியாவில் இறங்கியது. கேவல்ரி என்பது பெயரில்தான். குதிரை கிடையாது, காலாட்படைதான். ஆகஸ்ட் 2ஆம் தேதி கும்சோன் அருகே, எதிரியின் துப்பாக்கிச்சூட்டுக்கு நடுவே, காயம்பட்டுக் கிடந்த ஒருவரைப் போய்த் தூக்கி வந்ததற்கு அவருக்கு வெண்கல நட்சத்திரம் என்ற ராணுவப் பதக்கம் கிடைத்தது. அந்த நாட்களின் இரண்டு புகைப்படங்கள் இன்று எங்கும் கிடைக்கின்றன. ஒன்று, அக்டோபர் 7ஆம் தேதி எடுத்தது. ஜீப்பின் முன்மூடியையே பீடமாக்கிப் பூசை வைக்கிறார், எதிரே ஒரு வீரர் மண்டியிட்டிருக்கிறார். இன்னொன்றில், தளர்ந்துபோன ஒரு வீரனை அவரும் ஒரு டாக்டரும் இரு பக்கமும் தாங்கி நடத்தி வருகிறார்கள். முதல் படம்தான் பிரபலம். ஆனால் அவரைச் சரியாகக் காட்டுவது இரண்டாவது படம் என்பேன்.

இனி வடகொரியாவில் இருக்கிற உன்சான். 1950 நவம்பர் 1, புனிதர் அனைவர் திருநாள். சீனப்படை போருக்குள் வந்துவிட்டது என்பதை அமெரிக்கத் தலைமை இன்னும் முழுதாக நம்பாத நேரம். அன்று இரவு உன்சானில் எட்டாவது கேவல்ரியைச் சீனர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்தார்கள். ரெஜிமென்ட் அறுநூறு பேருக்கு மேல் இழந்தது. அடி பலமாக விழுந்தது கபான் இருந்த மூன்றாவது பட்டாலியனுக்கு. கட்டைகள் அடுக்கிய ஒரு பதுங்குகுழியில் காயம்பட்டவர்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் உடைத்துக்கொண்டு வெளியேறலாம் என்று உத்தரவு வந்தது. கபானுக்குக் காயம் எதுவும் இல்லை, போயிருக்கலாம். போகவில்லை. இதில் சந்தேகமே வேண்டாம். பின்னால் அவருக்குக் கிடைத்த மெடல் ஆஃப் ஹானர், அதாவது அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ வீர விருதின் குறிப்பில் இருக்கிறது, உடன் இருந்து பிழைத்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் எங்கள் கோர் சார்பில் சேர்க்க வேண்டும். தங்கியது அவர் மட்டும் இல்லை. பட்டாலியன் டாக்டர் கேப்டன் கிளாரன்ஸ் ஆண்டர்சனும் காயம்பட்டவர்களோடு தங்கிக் கைதியானார். பாதிரியாரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் டாக்டரை விட்டுவிடுகிறார்கள்.

சரி, தங்கி என்ன சாதித்தார்? பதுங்குகுழியில் காயம்பட்ட ஒரு சீன அதிகாரியும் கிடந்தார். கபான் அவரிடம் பேசி, வெளியே இருந்த சீனர்களிடம் உள்ளே இருப்பவர்கள் சரணடைகிறார்கள், சுட வேண்டாம் என்று சொல்ல வைத்தார். குழிக்குள் கையெறி குண்டு விழுந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அங்கிருந்து கைதியாக நடத்திச் செல்லும்போதுதான் ஹெர்பர்ட் மில்லர் சம்பவம். குண்டு வெடித்துக் கணுக்கால் நொறுங்கி, செத்தவன் ஒருவனின் உடலைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பள்ளத்தில் மறைந்து கிடந்த சார்ஜென்ட் அவர். ஒரு சீன வீரன் கண்டுபிடித்து, சுடுவதற்குத் துப்பாக்கியைத் தலைக்கு நேராகக் காட்டிவிட்டான். கபான் நேராக நடந்துபோய் அந்தத் துப்பாக்கியைத் தள்ளிவிட்டு, மில்லரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தார். ஏன் இரண்டு பேரையும் சுடவில்லை என்பதற்கு மில்லரிடமே விளக்கம் இல்லை. அவன் திகைத்துப் போயிருக்க வேண்டும். 2013இல் வெள்ளை மாளிகையில் அந்த விருதைக் கொடுத்தபோது மில்லர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

இந்த இடத்தில்தான் கதை கொஞ்சம் ஊதிப் பெருக்கிறது. மில்லரைக் கடைசிவரை முதுகிலேயே சுமந்தார் என்று எழுதுவார்கள். அப்படி யாராலும் முடியாது. தெம்பு இருக்கும்வரை சுமந்தார், தெம்பு போனதும் தோளைக் கொடுத்து ஒற்றைக் காலில் நொண்ட வைத்துக் கூட்டிப்போனார். மொத்தம் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பதிலும் ஆளுக்கொரு கணக்கு, நூறு கிலோமீட்டர் என்பதில் தொடங்கி அதற்கு மேலும் சொல்கிறார்கள். இரவில் நடை, பகலில் ஒளிவு, பனி. வரிசையில் பின்தங்கியவர்கள் சுடப்பட்டார்கள். கட்டையில் கட்டிய தூளியில் காயம்பட்டவர்களைத் தூக்க மற்றவர்கள் தயங்கியபோது, அதிகாரத்தைக் காட்டாமல் தானே போய் ஒரு முனையைப் பிடித்தார் என்று பலரும் ஒரேமாதிரி சொல்கிறார்கள். ஸ்ட்ரெச்சர் பிடித்தவனுக்குத் தெரியும், சமதளத்தில் நாலு பேர் தூக்கினாலே அரை மணியில் விரல் மரத்துப்போகும். இவர்கள் பட்டினியில், மலையில், பனியில் தூக்கினார்கள்.

சேர்ந்த இடம் சீன எல்லையில் ஓடும் யாலு ஆற்றங்கரையில் பியோக்டாங். பின்னால் அது ஐந்தாம் எண் முகாம் ஆனது. அந்தப் போரில் பிடிபட்ட அமெரிக்கர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் சுமார் 2,700 பேர் திரும்பவில்லை. சாவில் பெரும்பகுதி அந்த முதல் குளிர்காலத்தில் விழுந்தது. உணவு தினையும் உடைத்த சோளமும், அதுவும் சரியாக வேகாமல். கண்ட தண்ணீர், பேன், சீதபேதி, நிமோனியா. மீண்டுவந்த ராணுவ டாக்டர்கள் ஐந்து பேர் 1954இல் அமெரிக்க மருத்துவ இதழில் இதையெல்லாம் எழுதினார்கள். அதில் ஒரு விநோதமான சாவையும் சொல்கிறார்கள். பெரிய நோய் எதுவும் இருக்காது, ஒருவன் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவான், ஓரிரு நாளில் போய்விடுவான். கைதிகளே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: 'கிவ்-அப்-இட்டிஸ்'. விட்டுக்கொடுத்துவிடுகிற நோய் என்று வைத்துக்கொள்ளலாம். அடித்து, திட்டி, கோபம் வரவைத்து எழுப்பி உட்கார வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்பதும் அவர்கள் அனுபவம்.

கபான் அங்கே செய்ததை என் தொழில் கண்ணோடு பார்க்கிறேன். பண்ணைக்காரர் மகன் என்று சொன்னேன் அல்லவா? குண்டு விழுந்த வீடுகளின் கூரைத் தகரத்தைப் பிய்த்து, கல்லால் தட்டித் தட்டி விளிம்பை மடக்கி, சொட்டாத சட்டி செய்தார். விடியுமுன் எழுந்து, கிடைத்த சுள்ளியில் பனியை உருக்கிக் கொதிக்க வைத்து, "சூடான காப்பி!" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஆளாளுக்கு வெந்நீர் ஊற்றுவார். காப்பிப் பொடி ஏது, வெறும் வெந்நீர்தான். சிரிக்க வைக்கச் செய்தது என்று பலரும் இதை எழுதுகிறார்கள். எனக்கு அது கொதிக்க வைத்த தண்ணீர். மருந்தில்லாத முகாமில் சீதபேதிக்கு எதிராக மனிதனால் செய்ய முடிந்த மிகப் பெரிய காரியம் அதுதான். காலைக்கு ஒரு சட்டி வெந்நீர் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று கணக்குப் போட முடியாது. எங்கள் சுகாதார வகுப்பில் முதல் பாடமே இதுதான்.

அப்புறம் துணி. பேதியில் எழ முடியாமல் கிடந்தவர்களின் கால்சட்டையைக் கழற்றி எடுத்துப்போய், ஐஸை உடைத்து அந்தத் தண்ணீரில் துவைத்துக் கொண்டுவந்து போடுவார். அவர்களின் உடம்பைத் துடைப்பார், பேன் பார்ப்பார். தன் கைக்கடிகாரத்தைக் கொடுத்து ஒரு போர்வை வாங்கி, அதையும் வெட்டி, கால் விறைத்தவர்களுக்கு உறை தைத்துக் கொடுத்தார். ராத்திரியில் வேலி தாண்டிச் சோளக் களஞ்சியத்தில் கைவைப்பார். திருடப்போகுமுன் நல்ல கள்வனிடம், அதாவது இயேசுவோடு சிலுவையில் தொங்கிய அந்தக் கள்வனிடம், வேண்டிக்கொள்வாராம். அவர் கொண்டுவந்ததைத் தனக்கென்று வைத்துக்கொண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அதிகாரிகளையும் சாதாரண வீரர்களையும் தனித்தனியாக அடைத்திருந்தார்கள். இவர் நழுவிப்போய் வீரர்களின் குடிசைகளில் ஒரு நிமிடம் செபம் சொல்லிவிட்டு, கூடவே தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டு வருவார். செபம் கத்தோலிக்கருக்கு மட்டும் இல்லை. யூதர், புராட்டஸ்டண்ட், எதிலும் நம்பிக்கை இல்லாதவர் எல்லோருக்கும்தான்.

இதையெல்லாம் எவ்வளவு நம்பலாம்? சாட்சி சொன்னவர்கள் எல்லாருமே சக கைதிகள், அவர்மேல் அன்பு வைத்தவர்கள். அதனால் நானும் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படித்தேன். ஆனால் மூன்று விஷயம் அவர்கள் பக்கம் நிற்கிறது. ஒன்று, சொன்னது ஐம்பது வருடம் கழித்து இல்லை. லெப்டினன்ட் மைக் டவ் என்ற சக கைதி விடுதலையாகி வந்த சில மாதங்களிலேயே, 1954 ஜனவரியில், ஒரு பிரபல வார இதழில் விரிவாக எழுதிவிட்டார். இரண்டு, வேறு வேறு குடிசையில் இருந்தவர்கள், வேறு வேறு மதத்தவர்கள் சொல்வதும் முக்கியமான இடங்களில் ஒத்துப்போகிறது. மூன்றாவது காரணம் என் சொந்தக் காரணம். புனிதரைப் பற்றி இட்டுக்கட்டுகிறவன் ஒளிவட்டத்தைப் பற்றித்தான் கதை கட்டுவான், பேதித் துணியைப் பற்றிக் கட்ட மாட்டான்.

1951 மார்ச் 25, ஈஸ்டர். மதக்கூட்டம் கூடாது என்ற தடையை மீறி, எரிந்துபோன ஒரு பழைய தேவாலயத்தின் படிகளில் சூரிய உதயத்தில் வழிபாடு நடத்தினார். அப்பமும் ரசமும் இல்லாததால் பூசை வைக்க முடியவில்லை. கழுத்தில் ஊதா நிறத் தோள்துணி, கையில் வழிபாட்டு நூல், குச்சிகளைக் கட்டிச் செய்த சிலுவை. இயேசு பட்ட பாடுகளின் வரலாற்றை வாசித்தார், எல்லோரும் பாடினார்கள். இதே நாட்களில், இரண்டு நாள் முன்னால், பெரிய வெள்ளியன்று, தெற்கே முன்சானில் அமெரிக்கப் பாராசூட் படையோடு சேர்ந்து நம் அறுபதாவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் ஆட்கள் குதித்திருந்தார்கள். அந்த யூனிட்டின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். கபானுக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, நடுவில் ஒரு போர்முனையே இருந்தது. எங்கள் கோர்க்காரன் கொரியா பற்றி எழுதினால் இதைச் சொல்லாமல் விடமாட்டான், மன்னிக்கவும்.

ஈஸ்டருக்குப் பிறகுதான் அவர் உடம்பு விழுந்தது. ஒரு காலில் ரத்தம் உறைந்து கட்டிக்கொண்டது, கால் வீங்கி நிறம் மாறியது. சக கைதிகளான டாக்டர்கள் காலை உயர்த்திக் கட்டி, சூடு ஒற்றடம் கொடுத்து ஓரளவு தேற்றினார்கள். பிறகு சீதபேதி, அதிலிருந்தும் தேறினார். கடைசியாக நிமோனியா. மூன்றும் வந்தது உறுதி. கபானுக்கு வந்தது எதுவும் வானத்திலிருந்து விழவில்லை என்பதைக் கவனியுங்கள். நீர் வற்றி, புரதம் இல்லாமல், குளிரில் இருக்கிற உடம்பில் கால் நரம்பில் ரத்தம் உறைவது நான் பனிமலையில் நேரில் பார்த்தது. சீதபேதி அவர் மாதக்கணக்கில் துவைத்த துணிகளில் இருந்தது. தன் பங்கு உணவையும் அடிக்கடி பிறருக்குக் கொடுத்தவர். ஒன்றை மட்டும் என் ஊகமாகச் சொல்கிறேன். கால் நரம்பில் உறைந்த ரத்தக்கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனாலும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், காய்ச்சல் எல்லாம் வரும், எக்ஸ்ரே இல்லாத இடத்தில் அது நிமோனியா போலவே தெரியும். அந்தக் கடைசி நோய் இதுவாக இருந்திருக்கலாம். நிரூபிக்க வழி இல்லை. பக்கத்தில் இருந்த டாக்டர்கள் நிமோனியா என்றார்கள், அவர்கள் நல்ல டாக்டர்கள்.

இனி உங்கள் கேள்வியின் முள். நோய் தணிந்துவந்த நேரத்தில் காவலர்கள் வந்து அவரை 'ஆஸ்பத்திரிக்கு' எடுத்துப்போக வேண்டும் என்றார்கள். பெயர்தான் ஆஸ்பத்திரி. மேட்டில் இருந்த ஒரு பழைய கட்டடம், போனவர்களில் திரும்பி வந்தவர்கள் அரிது, கைதிகள் அதைச் சாவு வீடு என்றே அழைத்தார்கள். டாக்டர்கள் தடுத்தார்கள், கைதிகள் கூச்சல் போட்டார்கள், கைகலப்பு வரும் நிலை. கபானே அவர்களை அடக்கினார், போகிறேன், விடுங்கள் என்றார். நான் எப்போதும் போக விரும்பிய இடத்துக்குத்தான் போகிறேன், அங்கே போய் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன் என்ற பொருளில் டவிடம் சொன்னதாக டவ் எழுதியிருக்கிறார். தூக்கிப்போனவர்கள் சக கைதிகள்தான். அங்கே மருந்தும் கவனிப்பும் இல்லாமல் 1951 மே 23 அன்று இறந்தார்.

கொலையா இது? சுடவில்லை, அடிக்கவில்லை. ஆனால் கவனிப்பு கொஞ்சமாவது கிடைத்த இடத்திலிருந்து பிரித்து, எதுவும் கிடைக்காத இடத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அரசியல் பாட வகுப்புகளில் எதிர்க்கேள்வி கேட்ட பாதிரியாரைத் தீர்க்க இதுதான் சமயம் என்று பார்த்தார்கள் என்பது பிழைத்துவந்த கைதிகளின் உறுதியான நம்பிக்கை. நம்பிக்கைதான், அப்படி ஓர் உத்தரவை யாரும் காட்டியதில்லை. அந்த முகாமில் காவலர்கள் பகைத்துக்கொள்ளாத எத்தனையோ பையன்களும் அதே வீட்டில் அதே மாதிரி செத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படி டாக்டரும் பாதிரியாரும் போர்க்கைதிகளே அல்ல. கைதிகளைக் கவனிக்க வைத்துக்கொள்ளலாம், வேலை செய்ய வசதி தரவேண்டும். சீனா அந்த உடன்படிக்கையை முறைப்படி உறுதிசெய்தது 1956இல்தான். வார்டில் ஒரு நோயாளியை ஆக்சிஜனிலிருந்து கழற்றி மூலையில் படுக்கவைத்து அவன் செத்தால், நான் 'நோயில் இறந்தான்' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டேன். ஆனால் கொலை என்று எழுதுவதற்கும் என் கை வராது. வேண்டுமென்றே சாக விட்டார்கள் என்பதுவரை சொல்வேன், அதற்கு மேல் போகமாட்டேன்.

திருச்சபையும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறது. மறைசாட்சி என்று அறிவிக்க, விசுவாசத்தின்மேல் உள்ள வெறுப்பினால் கொல்லப்பட்டார் என்று நிலைநாட்ட வேண்டும். நம் தேவசகாயம் பிள்ளை அந்த வழியில்தான் 2022இல் புனிதரானார். ஆரல்வாய்மொழி காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், அதில் குழப்பத்துக்கு இடமில்லை. கபான் விஷயத்தில் ரோம் வேறு வழியைப் பிடித்தது. பிறருக்காக மனமுவந்து உயிரை அர்ப்பணித்தவர் என்ற வகை ஒன்றைப் போப் பிரான்சிஸ் 2017இல் ஏற்படுத்தினார். அந்த வகையில்தான் 2025 பிப்ரவரியில் கபானை 'வணக்கத்துக்குரியவர்' ஆக்கினார்கள். இன்னும் புனிதராகவில்லை. அவரைப் 'புனித கபான்' என்று எழுதும் சுவரொட்டிகள் அவசரப்பட்டவை.

உடல் 70 வருடம் கழித்துக் கிடைத்தது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். உண்மை, ஆனால் 'கிடைத்தது' என்பதைவிட 'அடையாளம் தெரிந்தது' என்பது சரி. யாலு கரையில் இன்னும் கிடக்கிறார் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். போர்நிறுத்தத்துக்குப் பிறகு வடகொரியா திருப்பித் தந்த சடலங்களில் அவரும் வந்திருந்தார். பெயர் தெரியாததால் ஹவாயில் ஹோனலூலு ராணுவக் கல்லறையில், அடையாளம் தெரியாத எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கொரியப் போர்வீரர்களில் ஒருவராகப் புதைத்துவிட்டார்கள். அந்த எலும்புகளுக்கு அன்று பூசிய ரசாயனத்தால் டி.என்.ஏ. எடுப்பது நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. தொழில்நுட்பம் வளர்ந்த பிறகு அந்தக் கல்லறைகளை வரிசையாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். 2021 மார்ச்சில் பல் பதிவும் டி.என்.ஏ.வும் ஒத்துப்போய் இது கபான்தான் என்று அறிவித்தார்கள். அந்த செப்டம்பரில் கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரப் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். மெடல் ஆஃப் ஹானர் அதற்கு முன்பே, 2013 ஏப்ரலில் வந்துவிட்டது. அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் சதி எதுவும் இல்லை. பரிந்துரைக்குக் காலக்கெடு உண்டு, அதைத் தளர்த்த அமெரிக்க நாடாளுமன்றத்தில் தனியாகச் சட்டப்பிரிவு போட வேண்டியிருந்தது.

கடைசியாக, யூதர் ஒருவர் அவருக்காகச் சிலுவை செதுக்கினார் என்பது கட்டுக்கதையா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஜெரால்டு ஃபிங்க், மரைன் படை விமானி, யூதர். முகாமுக்கு அவர் கொண்டுவரப்பட்டபோது கபான் இறந்துவிட்டிருந்தார். குடிசைக்குக் குடிசை அந்தப் பாதிரியாரைப் பற்றியே பேச்சாக இருந்ததைக் கேட்டுவிட்டு, விறகுக்கு வந்த கட்டைகளில் நல்லதாகப் பொறுக்கி வைத்துக்கொண்டார். கத்தி கிடையாது. பூட்ஸின் அடியில் இருக்கும் எஃகுப் பட்டையைக் கல்லில் தீட்டிக் கத்தியாக்கிக்கொண்டார். மாதக்கணக்கில் செதுக்கிய சிலுவை, ஏறக்குறைய நாலடி உயரம். முள்முடிக்கு முள் கிடைக்கவில்லை, வானொலிக் கம்பியை முறுக்கிச் செய்தார். 1953இல் விடுதலையானபோது கைதிகள் அதை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அடம்பிடித்து, தோளில் தூக்கிக்கொண்டே வெளியே வந்தார்கள். இப்போது விச்சிட்டாவில் கபான் பெயரில் இருக்கிற பள்ளிக்கூடத்தில் அந்தச் சிலுவை இருக்கிறது.